இன்னும் கசக்குது

செனோபியோவுக்கு அறுபத்துமூன்று வயதில் ஒரு யோசனை வந்தது. அவருக்கு யோசனை வந்தால் வீட்டில் ஏதாவது ஒன்று போகும் என்பது அவர் மனைவி எர்மெலிந்தாவின் அனுபவம். போன முறை கோழிக்கூண்டின் கூரை போனது.

இந்த முறை, ஆண்டிஸ் மலையடிவாரத்துக் கார்வாஸ் ஊர்ச் சந்தையிலிருந்து ஒரு பை விதையோடு வந்தார்.

"இனிப்பு லூபினாம். நம்ம சோச்சோவேதான், ஆனா கசப்பே கிடையாது. வேகவச்சோமா, தின்னோமான்னு போயிட்டே இருக்கலாம். ஓடைக்கெல்லாம் போகவேணாம்."

"முப்பத்தோரு வருஷமா ஓடைக்குப் போறது நானு. உனக்கு என்னய்யா அலுப்பு?"

சோச்சோ மொச்சை மாதிரி ஒரு மலைப்பயறு; அப்படியே தின்றால் கடுங்கசப்பு. சோச்சோ விதையை ஊறவைத்து, வேகவைத்து, சாக்கில் கட்டி ஓடையில் ஐந்தாறு நாள் போட்டு, தினமும் போய்ப் புரட்டிவிட்டால்தான் கசப்பு இறங்கும். ஓடையோ பனிமலையிலிருந்து நேராக இறங்கி வருவது. எர்மெலிந்தாவின் விரல்கள் இரண்டு வருஷமாகக் காலையில் மடங்க மறுத்தன. குளிர்ந்த தண்ணீரில் கையே வைக்கக்கூடாது என்று நர்ஸ் சொன்னதை அவள் இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட்டாள். நான் கழுவுகிறேன் என்று செனோபியோ சொன்னபோதெல்லாம், "நீ கழுவினா ஞாயித்துக்கிழமை சந்தையில யாரு வாங்கித் திம்பா?" என்று வாயை அடைத்துவிட்டாள். பாவம், அக்கறையை அக்கறையாகச் சொல்லத் தெரியாத மனுஷன். அவர் வாயில் அது பெருமையடிப்பதாகத்தான் வெளியே வரும்.

வீட்டுத் தோட்டத்து மக்காச்சோளத்தைச் சுற்றி, ஊர் வழக்கப்படி, நான்கு ஓரமும் புது விதையை ஊன்றினார். ஜனவரியில் இடுப்புயரத்துக்கு நீலப்பூ நின்றது. அதைப் பார்க்க வருகிறவர்களுக்காகவே செனோபியோ சட்டையை மாற்றிக்கொண்டு தோட்டத்தில் உலாவினார்.

ஒரு காலையில் பக்கத்து வீட்டு புருதென்சியாவின் மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு வந்தது. இத்தனை வருஷமும் அது ஓரத்துச் செடியை முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விடும். அங்கே யாரும் முள்வேலி போடுவதில்லை. சோச்சோ இலையின் கசப்புதான் வேலி. இது செனோபியோவுக்கும் நன்றாகத் தெரியும். மனைவியின் விரல்களை நினைத்த நேரத்தில் இதை மறந்துபோனார், அவ்வளவுதான். மாடு இனிப்பு வேலியை ருசித்துத் தின்றுவிட்டு, நிதானமாக உள்ளே போய்ப் பால்பிடித்த சோளத்தையும் தின்று தீர்த்தது.

எர்மெலிந்தா வாசலில் நின்று பார்த்தாள். "இனிக்குதுன்னு நீ சொன்னப்ப நான் நம்பல. மாடு பொய் சொல்லாது."

"உன் விரலுக்காகத்தான் வாங்கினேன்," என்று செனோபியோ தரையைப் பார்த்துச் சொன்னார்.

அவள் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டாள். பிறகு பரணிலிருந்து பழைய கசப்பு விதை மூட்டையை இறக்கினாள்.

"சரி, நீயே கழுவு. ஆனா கசப்பு போச்சா இல்லியான்னு சொல்றது நான்தான்."

வேகவைத்த மூட்டையோடு ஓடையில் இறங்கியவரை, அங்கே கழுவிக்கொண்டிருந்த பெண்கள் கேலி செய்யாமல் விடவில்லை. "பாவாடை கட்டிக்காம வந்துட்டீங்களேண்ணே," என்றாள் ஒருத்தி. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு மூட்டையைப் புரட்டினார். தண்ணீர் எலும்புவரை குத்தியது. இதிலா இவள் முப்பத்தோரு வருஷம் கை வைத்தாள் என்று நினைத்தபோது வெட்கமாக இருந்தது.

தினமும் ஒரு பிடி கொண்டுபோய்க் கொடுப்பார். எர்மெலிந்தா ஒன்றைக் கடித்துப் பார்ப்பாள். "கசக்குது." ஐந்தாம் நாளும் அதேதான், ஆறாம் நாளும் அதேதான். அவருக்கென்னவோ கசக்கவில்லை. கோக்கா இலை மென்று மரத்துப்போன தன் நாக்கின்மேல்தான் பழியைப் போட்டார்.

எட்டாம் நாள் ஓடையில் புருதென்சியா இரண்டை எடுத்து வாயில் போட்டாள். "என்னண்ணே, இது மூணு நாளாவே பதமா இருந்திருக்குமே. அக்கா சொல்லலியா?"

செனோபியோவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இன்றைக்கு ஒரு பிடி பிடித்துவிடுவது என்று வேகவேகமாக வீட்டுக்கு நடந்தார்.

எர்மெலிந்தா முற்றத்து வெயிலில் உட்கார்ந்திருந்தாள். அந்த நேரத்தில் அவள் உட்கார்ந்து அவர் பார்த்ததே இல்லை. கையில் ஆவி பறக்கும் மூலிகைத் தேநீர். பத்து விரலும் மடங்கிக் கோப்பையைச் சுற்றிப் பிடித்திருந்தன.

திட்ட வந்தவர் அந்த விரல்களையே பார்த்தார். ஒரு பிடி சோச்சோவை நீட்டினார். அவள் ஒன்றை மென்றுவிட்டு ஓரக்கண்ணால் பார்த்தாள்.

"நீயே சொல்லேன், எப்படி இருக்கு?"

செனோபியோ ஒன்றை வாயில் போட்டு வெகுநேரம் மென்றார்.

"கசக்குது. நாளைக்கும் போகணும்."

"ஆமாய்யா," என்று எர்மெலிந்தா தேநீரை ஒரு வாய் உறிஞ்சினாள். "இனிமே எல்லா மூட்டையும் இப்படித்தான் கசக்கும் போலருக்கு."