சிலிண்டர் குடோனுக்கு ஒரு விளக்கு

மேசைக்குப் பின்னால் கேஸ் ஏஜென்சி முதலாளி ஹபிபுல்லா. அவருக்கு வலப்பக்கம், மின்விசிறிக்கு நேர் கீழே, அவர் மனைவி சுல்தானா. வாசலோரப் பெஞ்சில் கால்மேல் கால் போட்டபடி, இருபது வருஷ வயரிங் மேஸ்திரி வேணுகோபால். எதிரே ஸ்டூலில், லைசென்ஸ் வாங்கி நாலே மாதமான வெற்றிச்செல்வி. மேசை நடுவில், ஷார்ஜாவிலிருந்து சுல்தானாவின் தம்பி வாசிம் அனுப்பிய விளக்கு: கனத்த கண்ணாடி, ரப்பர் வளையம், நாலு திருகு.

பெரம்பலூரில் புதிதாய்க் கட்டிய சிலிண்டர் குடோனுக்குள் அதை மாட்டி, வேலை சரியாக முடிந்ததென்று வெற்றிச்செல்வி கையெழுத்திட வேண்டும். அவள் தனியாக எடுத்த முதல் வேலை. அவளோ மாட்ட மாட்டேன் என்று உட்கார்ந்திருந்தாள்.

“மழையிலயே நனையாத லைட்டும்மா! இதுல கேஸ் எப்புடிப் பூரும்?” என்றார் வேணுகோபால். “பாய், நான் போடறேன் கையெழுத்து. அரைநாள் வேலை.”

“என் தம்பி பார்த்துப் பார்த்து வாங்குனது. அதைப் போயி குறை சொல்றியா?” சுல்தானாவின் குரலில் காரம் ஏறியது.

“நல்ல லைட்டுதாங்க்கா. ஆனா தண்ணிக்குத்தான் காவல். எரியறப்ப சூடாகி உள்காத்து வெளிய வரும். அணைச்சா வெளிக்காத்தை உள்ள இழுக்கும். சிலிண்டர் கசிஞ்சிருந்தா, கேஸையும் சேர்த்து இழுக்கும். உள்ள ஒரு பொறி போதும்.”

ஹபிபுல்லா தாடியைத் தடவினார். பார்வை வேணுகோபால் பக்கம் போயிற்று. வேலை கைவிட்டுப் போகிறதென்று வெற்றிச்செல்விக்குத் தெரிந்தது.

“அக்கா, அத்தர் வச்சிருக்கீங்களா?”

சுல்தானா புரியாமலே கைப்பையிலிருந்து சீசாவை எடுத்துக் கொடுத்தாள். வெற்றிச்செல்வி பஞ்சில் நாலு சொட்டு விட்டு, பல்பில் படாமல் விளக்குக்குள் வைத்தாள். திருகுகளை வேணுகோபாலையே முறுக்கச் சொன்னாள். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு முறுக்கினார். வெளியே ஒட்டிய வாசம் போகச் சோப்புத் துணியால் துடைத்து, பக்கத்து அறையில் எரியவிட்டுக் கதவைச் சாத்தினார்கள்.

டீ குடித்து அரைமணி கழித்து, முதலில் உள்ளே போனவள் சுல்தானா.

“யா அல்லாஹ்! கல்யாண வூடு மாதிரியில்ல மணக்குது!”

“வாசம் வெளிய வர்ற வழியில கேஸ் உள்ள போகாதுங்களாண்ணே?” என்று வெற்றிச்செல்வி கேட்டாள். வேணுகோபால் திருகுகளை ஒருமுறை தடவிப் பார்த்தார்.

“இது வூட்டு வாசல்ல எரியட்டும்ங்க,” என்றாள் சுல்தானா கணவரிடம். “குடோனுக்கு இந்தப் பொண்ணு சொல்றதை வாங்குங்க.”

“ஃபிளேம்ப்ரூஃப்னு இருக்குங்க பாய். உள்ள கேஸ் போயி பத்திக்கிட்டாலும், அந்த நெருப்பை வெளிய விடாத கனமான கூடு.”

“திருச்சியில அதை விக்கிற கடைக்கு நீயே எழுதும்மா. கையெழுத்தும் நீயே போடு,” என்றார் ஹபிபுல்லா.

எழுதினாள். சமையல் கேஸ் குடோனுக்கு ஏற்றதாக இரண்டு விளக்குகள். சோதனைச் சான்றிதழ் நகல் இல்லாமல் அனுப்ப வேண்டாம். சுவிட்சு குடோனுக்கு வெளியே தள்ளி வைக்கப்படும். அடியில், ‘செ. வெற்றிச்செல்வி’ என்று எழுதி, லைசென்ஸ் எண்ணையும் குறித்தாள்.

சுல்தானா உறைக்குப் பசை தடவி ஒட்டினாள். வேணுகோபால் எழுந்து கை நீட்டினார்.

“குடுங்க, போஸ்ட் ஆபீஸ் வழியாத்தான் போறேன். அந்தக் கூடு வந்தா எனக்கும் ஒருதரம் தொறந்து காட்டும்மா.”

கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, நாலு மணித் தபாலுக்கு வண்டியைக் கிளப்பினார்.