நாலு மணிக் கதவு

லட்சுமிகாந்தம் டீச்சரிடம் வயலின் படிக்க வருகிற பிள்ளையோடு அம்மாவோ அப்பாவோ ஒருவர் கூடவே வந்து பாயில் உட்கார வேண்டும். சும்மா உட்கார்ந்து செல்போனை நோண்டக்கூடாது. பிள்ளை படிக்கிறதை அவர்களும் வில்லைப் பிடித்துப் படிக்க வேண்டும். ஒரு வாரம் வீட்டில் தப்பாக இழுத்துப் பழகிய கையைத் திருத்த ஒரு மாதம் ஆகிறது, பக்கத்தில் இருந்து பார்க்க ஒரு ஆள் வேண்டாமா என்பார். பெரியவர் வரவில்லையென்றால் பிள்ளைக்கும் உள்ளே இடமில்லை. மணி நாலு ஆனால் கதவைச் சாத்திவிடுவார்.

சிவகாசியில் இந்தச் சட்டத்தை யாரும் வளைத்ததில்லை. பட்டாசு முதலாளி சீனிவாசகம் மகளோடு டிரைவரை அனுப்பிப் பார்த்தார். "டிரைவரா வீட்ல சொல்லிக் குடுக்கப் போறாரு? முதலாளிய வரச் சொல்லுங்க" என்று திருப்பி அனுப்பிவிட்டார் டீச்சர். அவ்வளவு பெரிய மனுஷன் தொந்தியோடு சம்மணம் போட்டு உட்கார்ந்து ச ரி க ம இழுத்ததை ஊரே சொல்லிச் சிரித்தது. டீச்சருக்கு அதில் கொள்ளைப் பெருமை. "ஆளுக்கொரு சட்டம் எங்கிட்டக் கிடையாது" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார்.

பாண்டிச்செல்விக்கும் அதே சட்டம்தான். அவளுக்கு விஸ்வநத்தத்துப் பக்கம் ஒரு கம்பெனியில் பட்டாசுக்கு மருந்து அடைக்கிற வேலை. எட்டு வயது மகள் மாரீஸ்வரி பள்ளிக்கூட விழாவில் வயலினைப் பார்த்துவிட்டு அடம்பிடித்தாள் என்று கூட்டிவந்தாள். சின்ன வயலின் ஒன்றை டீச்சரே கொடுத்தார். வேடிக்கை என்னவென்றால், மகளைவிட அம்மாவுக்குத்தான் சீக்கிரம் வந்தது. எவ்வளவு கழுவினாலும் நக இடுக்கில் வெள்ளைப் பொடி மின்னுகிற அந்த விரல்கள் சுருதி பிசகாமல் தந்தியில் போய் உட்காரும். "அடியே, இம்புட்டு நாளா எங்கடி இருந்த?" என்று டீச்சரே வாய்விட்டுக் கேட்டிருக்கிறார். பாண்டிச்செல்வி வெட்கத்தில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

அப்புறம் தீபாவளி சீசன் வந்தது. ஆர்டர் குவிந்தது. ஒரு வெள்ளிக்கிழமை நாலே காலுக்கு ஓடிவந்தாள். அடுத்த வெள்ளி நாலரை. இரண்டு தடவையும் கதவு திறக்கவில்லை. இரண்டாவது தடவை ஜன்னல் வழியாகப் பேச்சு நடந்தது.

"கோவிச்சுக்காதீக டீச்சர். குடுத்த வேலைய முடிக்காம போர்மேன் விட மாட்டேங்காரு."

"அதை எங்கிட்டச் சொல்லாத. இன்னொரு வாட்டி லேட்டானா வயலினைக் குடுத்துட்டுப் போயிரணும், ஆமா."

"ஐயையோ, அப்படிச் சொல்லாதீக. வெரசா முடிச்சுட்டு வந்துருதேன்."

காரில் வந்து இறங்குகிற சீனிவாசகமும் ஷேர் ஆட்டோவுக்கு ஓடுகிற பாண்டிச்செல்வியும் ஒன்றா? டீச்சரின் பாழாய்ப்போன புத்திக்கு அது அன்றைக்கு உறைக்கவில்லை.

அதற்கடுத்த வெள்ளி. மாரீஸ்வரி மட்டும் பள்ளிக்கூடத்திலிருந்து நேரே வந்து வாசல்படியில் உட்கார்ந்திருந்தாள், மடியில் வயலின்.

"அம்மா எங்க?"

"வந்துரும் டீச்சர். என்னைய முன்னால போகச் சொல்லுச்சு."

"அம்மா இல்லாம உள்ள வரக் கூடாது. தெரியும்ல?"

பிள்ளை தலையாட்டியது. மணி நாலானதும் டீச்சர் கதவைச் சாத்தினார். சாத்திவிட்டு, வந்து தொலைக்க மாட்டாளா என்று கதவுக்குப் பின்னாலேயே நின்றார். திறக்க மட்டும் மனசு வரவில்லை.

நாலு ஏழுக்கு வெடித்தது. அலமாரியில் பாத்திரம் குலுங்கியது. சுவரில் தொங்கிய வயலின்களின் தந்திகள் தானாக முனகின. டீச்சர் கதவைத் திறந்து ஓடினார். எதிர் அச்சகத்துப் பலவேசம் தெருவில் நின்று புகையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எந்தப் பக்கம்?"

"விஸ்வநத்தம் பக்கந்தான் டீச்சர். என் தங்கச்சியும் அங்கனதான் வேலைக்குப் போயிருக்கா" என்றவர் போனைக் காதில் வைத்தார்.

மாரீஸ்வரி டீச்சரின் சேலையைத் தொட்டாள். "எங்க அம்மா கிளம்பியிருக்கும் டீச்சர். இன்னைக்கு மருந்த வேகவேகமா அடைச்சிட்டு நாலு மணிக்குள்ள வந்துருதேன்னு சொல்லுச்சு."

டீச்சர் புகை வந்த பக்கம் திரும்பினார். மருந்தில் அவசரம் கூடாது, உரசினால் போச்சு என்பது இந்த ஊரில் பிறந்த பாண்டிச்செல்விக்குத் தெரியாதா? தெரியும். பாவி, நான்தானே அவளை அவசரப்படுத்தினேன்!

கால் மணி நேரத்தில் தங்கச்சி பேசிவிட்டாள். படியில் திரும்பப் போய் உட்கார்ந்திருந்த பிள்ளைக்குக் கேட்காமல் பலவேசம் டீச்சரைச் சற்றுத் தள்ளிக் கூட்டிப்போனார். "பாண்டிச்செல்வி இருந்த ரூம்தானாம். உள்ள நாலு பேரு. ஒருத்தரும் மிஞ்சலையாம்."

டீச்சர் திரும்பி வந்து வாசற்கதவை இரண்டு பக்கமும் விரியத் திறந்தார்.

"உள்ள வா கண்ணு. வந்து உக்காரு."

மாரீஸ்வரி எழுந்திருக்கவில்லை. அம்மா வந்தால் உட்கார, படியில் கொஞ்சம் ஒதுங்கி இடம் விட்டுக்கொண்டாள்.

"அம்மா வரட்டும் டீச்சர். அம்மா இல்லாம நான் உள்ள வரக் கூடாதுல்ல?"