ஆறு கோல்

எங்கள் விமானப்படை ஸ்குவாட்ரனின் வரலாற்றை எழுதும் பொறுப்பு 1964-இல் என் தலையில் விழுந்தது. பெங்களூரில் நடக்கப்போகும் ஆண்டு விழாவுக்குப் புத்தகம் வேண்டுமாம். வானத்திலிருந்து எதிரியின் நிலத்தைப் படம் பிடிப்பது எங்கள் வேலை. எங்கே பறந்தோம், எதைப் படம் பிடித்தோம், யார் திரும்பவில்லை, எல்லாமே ரகசியம். அதையெல்லாம் விட்டுவிட்டு வரலாறு எழுது என்றால், ஓட்டையை மட்டும் வைத்து வடை சுடச் சொன்ன கதைதான்.

எழுதியதை எல்லாம் பாதுகாப்பு அதிகாரி தியோடர் அடித்துத் தள்ளினார். மிஞ்சியது வாலிபாலும், தளபதியின் மனைவி நட்ட மாங்கன்றும்.

மெஸ்ஸில் எங்களுக்குப் பரிமாறும் அப்பாதுரை ஆஸ்டின் டவுன்காரர். அவர் மகன் அசோகன் எங்கள் விமானங்களில் கேமரா பார்த்தவன். இரண்டு வருடத்துக்கு முன் பறந்து போனவன் திரும்பி வரவில்லை. அந்த விமானம் கிளம்பவே இல்லை என்பது மேலிடத்தின் கணக்கு. கிளம்பாத விமானத்தில் ஒருவன் எப்படிச் சாவான்? வீட்டுக்கு 'காணவில்லை' என்று தந்தி மட்டும் போனது. பையன் வேலையை விட்டு ஓடிவிட்டான், பம்பாயில் எவளோடோ இருக்கிறான் என்று தெருவே பேசியது. அவன் அம்மா சந்திரம்மா குழாயடிக்குப் போவதையே நிறுத்திவிட்டாள்.

"ஓடிப் போவல, செத்துட்டான்னு ஒரே ஒரு வரி அச்சுல போடுங்க சார்," என்றார் அப்பாதுரை, என் தட்டில் சாதம் வைத்தபடி.

எப்படி எப்படியோ எழுதிப் பார்த்தேன். தியோடர் விடவில்லை. கெட்ட மனிதர் இல்லை, சட்டத்தைக் கரைத்துக் குடித்தவர், அவ்வளவுதான்.

கடைசியில் ஃபுட்பால் பக்கத்தில் எழுதினேன்: 'பணியில் உயிர்நீத்த எங்கள் கோல்கீப்பர் அசோகன் இல்லாமல் ஆடி, ஆறு கோல் வாங்கிக் கோப்பையை இழந்தோம்.' விமானம் இல்லை, தேதி இல்லை, ஊர் இல்லை. தியோடர் படித்துவிட்டுப் பேனாவைத் திறந்தார். ஆறு கோல் என்றால் ஸ்குவாட்ரனின் மானம் போய்விடும் என்று, அதைச் 'சில கோல்' ஆக்கிக் கையெழுத்துப் போட்டார்.

விழா முடிந்ததும் அப்பாதுரையை உட்கார வைத்து, இங்கிலீஷில் இருந்த அந்த வரியைத் தமிழில் சொன்னேன். இன்னொரு தரம் சொல்லச் சொன்னார். வரியின்மேல் வைத்த விரலை எடுக்கவில்லை.

"நாளைக்கு சந்திரம்மா இத எடுத்துக்கினு குழாயடிக்குப் போவா சார்," என்றார். பிறகு கேட்டார், "சில கோலுன்னா எத்தினி?"

ஆறு என்றேன்.

அவர் புத்தகத்தை மூடி, தலைப்பாகையைக் கழற்றி அதில் சுற்றிக்கொண்டார்.

"அவன் நின்னிருந்தா ஒண்ணுகூட உள்ள போயிருக்காது சார்."