கல்வெட்டின் மூன்றாம் பக்கம்

ஜனகன் ஐந்தரைக்கு எழும்பினான். மோட்டரைப் போட்டுத் தொட்டியை நிரப்பினான். முற்றம் கூட்டினான். மூன்று வயது மகளை எழுப்பி முகம் கழுவி, பாணைப் பாலில் நனைத்துக் கொடுத்தான். அவள் சாப்பிட்டாள். மனைவி சுகந்தினி இறந்து அன்று இருபத்தாறாம் நாள்.

ஏழு மணிக்குக் கல்வெட்டை எடுத்துக்கொண்டு மேசையில் இருந்தான். முப்பத்தோராம் நாள் கிரியைக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கும் நினைவுப் புத்தகம். பத்து மணிக்குக் கிளிநொச்சியில் அச்சுக்குக் கொடுக்கவேண்டும். தேவாரம், படம், நன்றி எல்லாம் முடிந்திருந்தன. மூன்றாம் பக்கத்து வம்சவழி மட்டும் மீதி.

அதை மாமியாரின் தம்பி கதிர்காமநாதன் எழுதியே தந்திருந்தார். இருபத்தொன்பது வருடத்துக்குப் பிறகு, செத்தவீட்டுக்குத்தான் அவர் அக்காவின் படலையைத் தாண்டினார். தாய்வழி நாலு தலைமுறைக்கு இருந்தது. சுகந்தினியின் தகப்பன் ஆண்டியப்பனை ‘ஆனந்தன்’ ஆக்கியிருந்தார். ஆண்டியப்பனின் முன்னோரைச் சேர்க்கவே இல்லை.

தொண்ணூற்றாறில் மாமியார் ராஜினியின் குடும்பம் யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்து, உருத்திரபுரத்தில் ஆண்டியப்பன் வீட்டு வளவில் கொட்டில் போட்டது. ஆண்டியப்பன் வீட்டார் எழுபத்தேழு கலவரத்தில் மலையகத்து நாவலப்பிட்டித் தேயிலைத் தோட்டத்தை விட்டு வந்தவர்கள். ராஜினிக்கு மலேரியா. ஆண்டியப்பன் ஐந்து நாள் சைக்கிள் கரியரில் வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். ஆறாம் நாள் காய்ச்சல் இல்லை. அன்றும் ராஜினி கரியரில் ஏறினார். குடும்பம் ஊர் திரும்பியபோது ராஜினி திரும்பவில்லை; தோட்டக்காட்டானைக் கட்டினாள் என்று அவரை ஒதுக்கிவிட்டார்கள். தகப்பன் செத்ததைக்கூட அவருக்கு ஒருவரும் அறிவிக்கவில்லை.

ராஜினி கதிரையை இழுத்துப்போட்டு இருந்தார்.

“அவன் தந்த மாதிரியே போடுங்கோ, மகன்.”

“மாமாவின்ர பேர் பிழையெல்லோ, மாமி.”

“எனக்குத் தெரியாதே? கட்டினது நான்.”

“பிறகேன்?”

“பிள்ளைக்கு நாளைக்கு ஆக்கள் வேணும். இப்பதான் எங்கட ஆக்கள் வரத் துவங்கியிருக்கினம்.”

வாசற்படியில் மண்வெட்டிக்கு ஆப்பு இறுக்கிக்கொண்டிருந்த ஆண்டியப்பன் நிமிராமலே சொன்னார்.

“ஆனந்தன்னே போடுங்க தம்பி. இருபத்தொம்பது வருசமா உங்க மாமி ‘இஞ்சருங்கோ’ங்குது. இந்தப் பேரயாவது சொல்லிக் கூப்புடட்டும்.”

“வாயை மூடுங்கோ,” என்றார் ராஜினி. சிரிப்பு வந்துவிட்டது. பிறகு கண்ணைத் துடைத்தார். “கடைசியா சுகந்தினி என்னைத்தானே கூப்பிட்டவள். எனக்காகப் போடுங்கோ.”

ஜனகன் பேனையை எடுத்தான். ‘ஆனந்தன்’ என்பதை வெட்டி ஆண்டியப்பன் என்று எழுதினான். பக்கத்தில் நாவலப்பிட்டி என்று எழுதினான்.

“என்ன மகன் செய்யிறீங்கள்?”

“அவ உங்களைக் கூப்பிடேல்லை, மாமி. அண்டைக்கு ‘என்னைக் கூப்பிட்டவளோ’ எண்டு நீங்கள் கேட்டபடியால் அப்பிடிச் சொன்னனான்.”

டெங்கு வார்ட்டில் சுகந்தினி கடைசியாகக் கதைத்தது மூன்றாம் நாள் காலை. அவள் சொன்னதைக் கேட்டு அவன் ஆண்டியப்பனோடு கன்ரீனுக்குப் போனான். திரும்பி வந்தபோது அவள் கதைக்கும் நிலையில் இல்லை.

அப்ப என்னதான் சொன்னவள் என்று ராஜினி கேட்டார். வாசலில் ஆப்பு அடிக்கும் சத்தம் நின்றது. சுகந்தினி சொன்னதை அவன் அப்படியே சொன்னான்.

“அப்பா விடியத் தொடக்கம் வெளியில நிக்கிறார். ஒண்டும் சாப்பிட்டிருக்க மாட்டார். என்னோட நிக்காமல் அவரைக் கூட்டிக்கொண்டு போய் ரெண்டு இடியப்பமாவது வாங்கிக் குடுங்கோ.”