வேட்டுக்காரனுக்கு வேர்த்தால்

திரியைப் பற்றவைத்த ராக்கன் மச்சான் மேலே ஏறி வரவில்லை.

இரண்டாம் உலகச் சண்டை தொடங்கிய வருஷம். இலுப்பூருக்கு மேற்கே ஆத்மநாத ஐயா வெட்டிய கிணறு. நாற்பதடிக்குக் கீழே கரும்பாறை. மச்சான்தான் வேட்டுக்காரர், என் அக்கா அழகியின் புருஷன். மூன்று குழி அடித்து, மருந்து கெட்டித்து, மூன்று திரியிலும் நெருப்பு வைத்துவிட்டு, கயிற்றில் தொங்கும் பலகையில் ஏறி நின்று "இழு" என்பார். மேலே கப்பியில் நான் இழுப்பேன். ஒரு வெற்றிலையை மென்று துப்பும் நேரம்தான் திரிக்கு ஆயுசு. அன்றைக்கு "இழு" வரவில்லை. எட்டிப் பார்த்தேன். மச்சான் பாறைமேல் சம்மணம் போட்டு உட்கார்ந்து, எரிகிற திரியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"மச்சான், பலகையில ஏறுங்க."

"இரு மாப்ளே, பஸ் வரட்டும்."

எப்படி இறங்கினேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. கயிறு உள்ளங்கைத் தோலை உரித்துக்கொண்டு போனது. மூன்று திரியையும் பிடுங்கிக் காலில் போட்டு மிதித்தேன். மச்சானை வாய்க்கு வந்தபடி திட்டினேன். நான் யாரோ எவரோ என்பதுபோல அவர் என்னைப் பார்த்தார். தொட்டால் உடம்பு சில்லென்று இருந்தது, வேர்வை ஆறாக ஓடியது. பலகையோடு சேர்த்துக் கட்டினேன். அக்காவும் கல் சுமக்கிற பெண்களும் இழுத்து மேலே போட்டார்கள். அக்கா அழுதுகொண்டே கையில் கிடைத்த கருப்பட்டித் துண்டை அவர் வாயில் திணித்தாள். பத்து நிமிஷத்தில் மச்சான் எழுந்து உட்கார்ந்து, "ஏன்டா ஒன் கை இப்படி உரிஞ்சிருக்கு?" என்று என்னைக் கேட்டார்.

இது மூன்றாவது தடவை. முதல் தடவை கை மட்டும் நடுங்கியது. இரண்டாவது தடவை தீப்பெட்டி நழுவிக் கிணற்றுக்குள் விழுந்தது. எங்கள் பக்கத்தில் வேட்டு வைக்கிற நாளில் விடியற்காலையில் கிணற்று மேட்டில் கருப்பருக்குச் சர்க்கரைப் பொங்கல் படைப்பார்கள். திரி பற்றவைக்கிறவன்தான் முதல் இலையில் உட்கார்ந்து வெறும் வயிற்றில் வழித்துத் தின்ன வேண்டும், அப்போதுதான் பாறை விட்டுக் கொடுக்கும் என்று ஐதீகம். தின்றுவிட்டுக் குழி அடிக்கப் போனால் திரி வைக்க உச்சிவேளை ஆகிவிடும். மச்சானுக்கு நடுக்கம் வந்ததும், கிணற்று முனியை அடக்கக் கருப்பருக்குப் படையல் போதவில்லை என்றார்கள். அடுத்த தடவை வெல்லத்தைக் கூட்டினார்கள். அதற்கடுத்த தடவை வாழைப்பழமும் பானகமும் சேர்ந்தன. நடுக்கமும் கூடிக்கொண்டே போனது. சாராயம் என்றும் சிலர் பேசினார்கள். நானே வாயை முகர்ந்து பார்த்தேன், நெய்வாசம்தான் அடித்தது.

முனி என்றால் முதலில் என்னைத்தான் பிடித்திருக்க வேண்டும், எனக்குத்தான் வாய் அதிகம். மச்சானை இழுத்துக்கொண்டு புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கே ரெங்கராஜ் என்று மெட்ராஸில் படித்துவிட்டு வந்த டாக்டர். என்ன தின்றார், எத்தனை நாழிகை கழித்து வந்தது என்று துருவித் துருவிக் கேட்டார். மறுநாள் காலையில் வெறும் வயிற்றில் ஒரு பெரிய கிளாஸ் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்து, மச்சானைப் பெஞ்சில் உட்காரவைத்து, மணிக்கு ஒரு தரம் ஊசியால் ரத்தம் எடுத்தார்.

முதல் மணியில் மச்சான் என்னைக் கேலி செய்துகொண்டிருந்தார். இரண்டாம் மணியில் கொட்டாவி விட்டார். மூன்றாம் மணி அடித்துக் கொஞ்ச நேரத்தில் அவர் விரல்கள் பெஞ்சில் தாளம் போட ஆரம்பித்தன. பிறகு சட்டை நனைந்தது. "ஒங்க சம்சாரம் பேரு என்ன?" என்று டாக்டர் கேட்டதற்கு எங்கள் உழவுமாட்டின் பேரைச் சொன்னார். அங்கே கிணறு இல்லை, பாறை இல்லை, முனி வந்து நிற்க ஒரு புளியமரம்கூட இல்லை. சுண்ணாம்பு அடித்த சுவரும் கடிகாரமும்தான் இருந்தன.

"ரத்தத்துல சக்கரை ரொம்ப எறங்கிருச்சு," என்றார் டாக்டர்.

"இப்பத்தானங்க சக்கரைத் தண்ணி குடுத்தீங்க?"

"அதனாலதான் எறங்குது. வெறும் வயித்துல இனிப்பு மொத்தமாப் போனா, இவர் ஒடம்பு பதறிப் போயி, வந்ததோட இருந்ததையும் சேத்துக் காலி பண்ணிருது."

தூக்கி நிறுத்துவதும் அதுதான், குப்புறத் தள்ளுவதும் அதுதான் என்றால் மனுஷன் என்ன செய்வான்? டாக்டர் ஒவ்வொன்றாகச் சொன்னார். வெறும் வயிற்றில் இனிப்பே கூடாது. கம்பு, பயறு, கடலை, முட்டை என்று கொஞ்சம் கொஞ்சமாக, இரண்டு மூன்று மணிக்கு ஒரு தரம் சாப்பிட வேண்டும். நடுக்கம் வந்துவிட்டால் மட்டும் சின்னத் துண்டு கருப்பட்டி, உடனே அதன்மேல் ஆகாரம். கிணற்றில் இறங்குமுன் பிடரியைத் தொட்டு வேர்த்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும், கேள்வி கேட்டுப் பதில் சரியாக வருகிறதா என்று பார்க்க வேண்டும். "இத வீட்டுல சமைக்கிறவங்களுக்கு விடாமச் சொல்லணும்," என்றார். மச்சான் அப்போது பாதி மயக்கத்தில் கிடந்தார். அவருக்கு நான் வழியில் சொன்னது பொங்கல் தின்னக்கூடாது என்பது ஒன்றுதான்.

ஊர் வந்து சேர்ந்தபோது அக்கா வாசலிலேயே நின்றாள். நாளைக்கே வேட்டு வைக்க வேண்டும் என்று ஆத்மநாத ஐயா ஆள் அனுப்பியிருந்தார். அந்த ஆள் என்னைக் கையோடு கூட்டிப்போகக் காத்திருந்தான்.

"முனி இல்லக்கா. ஒடம்புல சக்கரை கொறஞ்சு போயிருதாம். மத்தத வந்து சொல்றேன்," என்றேன்.

அக்கா கருப்பர் கோயில் இருக்கும் தெற்குப் பக்கம் பார்த்துக் கும்பிட்டாள். நான் போய்விட்டேன். ஐயாவிடம் பேசி முடித்து, வேட்டு மருந்து வாங்கி, திரும்பி வந்து படுத்தவன்தான். ஊர்ப்பட்ட வாய் பேசுகிறவன், அன்றைக்கு மட்டும் இரண்டு வார்த்தையோடு நிறுத்திக்கொண்டேன்.

மறுநாள் விடியலில் பொங்கல் இறங்கியது. மச்சான் தின்ன மாட்டார் என்று சொன்னதும் ஐயா முகம் சுருங்கிவிட்டது.

"படையல் திங்காதவன் கையால எங் கிணத்துல திரி பத்தக்கூடாது."

"அப்ப நான் திங்கிறேங்க, நானே பத்தவைக்கிறேன்," என்றேன். அதுவரை நான் திரி பற்றவைத்ததில்லை. மச்சான் ஒரு தரம் என்னை முறைத்துப் பார்த்தார், பிறகு திரியை எவ்வளவு நீளம் விட வேண்டும் என்று காட்டிக் கொடுத்தார். குழி அடித்து முடியும்போது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. அவர் கப்பிக்குப் போனார், நான் கீழே இறங்கினேன்.

மூன்று திரியும் பற்றின. பலகையில் ஏறி, "இழுங்க மச்சான்," என்றேன். பலகை ஓர் ஆள் உயரம் எழும்பி நின்றது. என் நெற்றியில் ஒரு சொட்டு விழுந்தது. சித்திரை மாச உச்சி வெயிலில் ஏது மழை? இன்னொரு சொட்டு விழுந்தது. அண்ணாந்து பார்த்தேன். மச்சான் கயிற்றைப் பிடித்தபடி கிணற்று விளிம்பில் குனிந்து நின்றார். முகமெல்லாம் வேர்வை, அதே சிரிப்பு.

"யாருடா அது கீழ?" என்று கேட்டார்.

கிணற்றில் இறங்குகிறவனைத்தானே சோதிக்கச் சொன்னார்கள் என்று இருந்துவிட்டேன். கயிறு பிடிக்கிறவன் பிடரியைத் தொட்டுப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. "அக்கா," என்று கத்தினேன். அதற்குள் மச்சான் கயிற்றை விட்டுவிட்டார். பலகையோடு பாறையில் விழுந்தேன். இரண்டு திரியைப் பிடுங்கினேன். மூன்றாவதைத் தேடினால் நெருப்பு குழிக்குள் போய்விட்டிருந்தது. பலகையை இறுகக் கட்டிக்கொண்டேன். கயிறு விறைத்தது. மேலே ஏறும்போது அக்காவின் மூச்சு இரைப்பது கேட்டது, பெண்கள் இரண்டு பேர் அவள் இடுப்பைப் பிடித்து இழுத்தார்கள். என் மார்பு விளிம்பைத் தாண்டியபோது வேட்டு வெடித்தது.

கண் திறந்தபோது இடது காலில் ரத்தம், இடது காதில் ஒரே இரைச்சல். மச்சான் புங்கமரத்தில் சாய்ந்து ஏதோ உளறிக்கொண்டிருந்தார். அக்கா அவர் தலையை மடியில் வைத்திருந்தாள்.

"காலையில இவருக்கு என்னக்கா குடுத்த?"

"கருப்பட்டித் தண்ணி. அஞ்சாறு மணிக்கு ஒரு சொம்பு, பொழுது ஏறுனதும் ஒரு சொம்பு. வேற எதுவும் குடுக்கல, அது நல்லா ஒடம்புல புடிக்கட்டும்னு." அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "சக்கரை கொறஞ்சிருச்சுன்னு நீதானடா சொன்ன."

என்னையும் அவரையும் கொல்லப் பார்த்தது முனி இல்லை, நான் பாதியில் விட்ட பேச்சு.

அக்கா முந்தியை அவிழ்த்து ஒரு துண்டு கருப்பட்டி எடுத்தாள். மச்சானின் வாய்வரை கொண்டுபோனவள் அப்படியே நிறுத்திக்கொண்டாள். உள்ளங்கை முழுக்கக் கயிறு உரித்த ரத்தம்.

"இப்பக் குடுக்கலாமா, கூடாதா?"

"குடுக்கா. இப்பக் குடுக்கலாம்."

அவள் கொடுக்கவில்லை. கை வாய்க்கருகே நின்றது.

"முழுசாச் சொல்லு," என்றாள்.