வியாழக்கிழமை வரைக்கும்

இன்குபேட்டரின் சின்னக் கதவைச் சத்தம் வராமல் விரலால் தாங்கி மூடினாள் நர்ஸ் ருமியானா. உள்ளே எண்ணூற்று இருபது கிராம் குழந்தை. பிறந்து ஒரு நாள்கூட ஆகவில்லை. தலை நேராக நிற்க இரண்டு பக்கமும் துணிச் சுருள் வைத்திருந்தாள். முதல் மூன்று நாள்தான் கண்டம். மூளைக்குள் ரத்தக் குழாய்கள் நனைந்த காகிதம் மாதிரி. குழந்தை திடுக்கிட்டு அழுத்தம் ஏறினால் கிழிந்துவிடும்.

சுவருக்கு அந்தப் பக்கம் ட்ரில்லிங் மெஷின் அலறியது. குழந்தையின் கைகள் விரிந்து உதறின. திரையில் ஆக்ஸிஜன் தொண்ணூற்றிரண்டிலிருந்து எண்பத்தொன்றுக்கு விழுந்தது.

வராந்தாவுக்கு ஓடினாள். ஏணிமேல் மெஷினோடு தொழிலாளி ஆசென் நின்றிருந்தான். மீசையெல்லாம் சுண்ணாம்புத் தூள்.

"அண்ணே, நிறுத்துங்க. உள்ள குறைமாசக் குழந்தை. இந்தச் சத்தம் தலைக்குள்ள ரத்தம் கசிய வச்சிரும்."

"எவ்வளவு எடை சிஸ்டர்?"

"எண்ணூத்தி இருபது கிராம்."

"இந்த மெஷினே நாலு கிலோ." அவன் இறங்கினான். "துளை போடுற பிட் ஒடஞ்சிருச்சுன்னு மேஸ்திரிகிட்ட சொல்றேன். அரை மணி தாங்கும். அதுக்கு மேல என் பொய் தாங்காது."

ருமியானா மருத்துவமனை இயக்குநர் குரோசெவின் அறைக்கு ஓடினாள்.

"வியாழக்கிழமை வரைக்கும் மட்டும் சார். அப்புறம் எவ்வளவு வேணா துளை போடட்டும்."

"சனிக்கிழமை தலைநகர் சோஃபியாலேர்ந்து அதிகாரிங்க வராங்க. அதுக்குள்ள மீட்டிங் ஹால் முடியணும். எழுதிக் குடுங்க, பார்க்கலாம்."

"காலையிலேர்ந்து ரெண்டு தடவை குடுத்துட்டேன் சார்."

"அப்ப மூணாவது தடவை குடுங்க."

அவள் திரும்புவதற்குள் மெஷின் ஓடத் தொடங்கியிருந்தது. ஏணிக்குக் கீழே மேஸ்திரி இடுப்பில் கைவைத்து நின்றான். ஆசென் அவள் பக்கம் பார்க்கவில்லை. உள்ளே போய் இன்குபேட்டர் மேல் இரண்டு கம்பளியை மடித்துப் போட்டாள். கண்ணாடிக்கு வெளியே தாய் இவெதா, தையல் போட்ட வயிற்றைப் பிடித்தபடி நின்றாள்.

"ஏன் சிஸ்டர் இப்படி உதறுது?"

"சத்தம்மா."

"நிறுத்தச் சொல்லக் கூடாதா?"

ருமியானா கம்பளியைச் சரிசெய்தாள்.

மூன்று மணிக்குச் சட்டென்று அமைதி. எண்பத்தெட்டு, தொண்ணூறு, தொண்ணூற்றுமூன்று. குழந்தையின் விரல்கள் மெல்ல மூடின. புண்ணியவான் ஆசென் எப்படியோ நிறுத்திவிட்டான் என்று நினைத்து, நன்றி சொல்லக் கதவைத் திறந்தாள்.

வராந்தாவில் கேமரா விளக்கு எரிந்தது. தொலைக்காட்சிப் பெண் மைக்கை நீட்ட, புது வெள்ளைக் கோட்டில் குரோசெவ் பேசிக்கொண்டிருந்தார். "எங்களுக்குப் பச்சைக் குழந்தைங்கதான் முதல்ல." பின்னால் மேஸ்திரி உதட்டில் விரல் வைத்திருந்தான். ஏணிமேல் ஆசென் மெஷினை மார்போடு அணைத்துக்கொண்டு அசையாமல் நின்றான்.

விளக்கு அணைந்தது. குரோசெவ் அந்தப் பெண்ணிடம் கைகுலுக்கிவிட்டு, ஏணியைப் பார்த்துத் தலையசைத்தார்.

ருமியானா உள்ளே ஓடினாள். கைகளை நுழைத்துக் குழந்தையின் தலையை உள்ளங்கைகளால் பொத்திப் பிடிப்பதற்குள் சுவர் அதிரத் தொடங்கிவிட்டது.