முதுகால் பிடித்த கதவு

மருத்துவமனைத் துப்புரவுப் பெண்கள் எட்டுப் பேரையும் ஆய்வு மாணவி தனித்தனியாகப் பேட்டி எடுத்துவிட்டாள். எல்லோரும் கிளிப்பிள்ளை மாதிரி, "ஒரு குறையும் இல்லம்மா" என்றார்கள்.

"குறையே இல்லன்னா ஆய்வு எதுக்கு? தலைப்பை மாத்து" என்றார் பேராசிரியர். இவர் என்றைக்குத் துடைப்பம் பிடித்தார் என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. குழுவாகப் பேசவைத்துப் பார்க்க ஒரே ஒரு வாய்ப்பை மல்லுக்கட்டி வாங்கினாள்.

இன்று எட்டுப் பேரும் வட்டமாக உட்கார்ந்தார்கள். "சீருடை எங்க மாத்துவீங்க?" என்று தொடங்கினாள்.

"அறை இருக்கும்மா" என்றாள் மூத்தவள்.

"எது, அந்த வாளி வைக்கிற பொந்தா? அரண்மனைதான் போங்கக்கா" என்று ஒருத்தி சிரித்தாள்.

"தாழ்ப்பாள் இல்லாத அரண்மனை. நான் கதவை முதுகால அழுத்திக்கிட்டுத்தான் மாத்துறேன்" என்றாள் இன்னொருத்தி, மெதுவாக.

சிரிப்பு நின்றது. "நீயுமாடி? எனக்கு மட்டுந்தான் பயம்னு நெனச்சேன்" என்றாள் சிரித்தவள். நானும், நானும் என்று குரல்கள் வட்டத்தைச் சுற்றி வந்தன.

எட்டுப் பெண்களும் வருஷக்கணக்காக அதே கதவை முதுகால் தாங்கியிருக்கிறார்கள், பக்கத்தில் நிற்பவளுக்குக்கூடத் தெரியாமல். மாணவிக்கு இரண்டாம் கேள்வி தேவைப்படவில்லை. அவர்களே ஒருத்தியை ஒருத்தி கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

கடைசியில் மூத்தவள் மாணவி பக்கம் திரும்பினாள். "போன தடவை சொன்னதை அடிச்சிடும்மா. இதை எட்டுப் பேரும் சொன்னோம்னு எழுது."